தங்கக் கடற்கரை அடிமை வணிகக் கோட்டைகளின் தொல்லியல்

தங்கக் கடற்கரை அடிமை வணிகக் கோட்டைகளின் தொல்லியல் என்பது, மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கடலோரத்தில் 15 ஆம் நூற்றாண்டு முதல் 19 ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர் நடத்திய வணிகக் கோட்டைகளையும், அவற்றைச் சார்ந்த நகரங்கள், தோட்டங்கள், மூழ்கிய கப்பல்கள் ஆகியவற்றையும் பொருள்சார் சான்றுகளைக் கொண்டு ஆராயும் துறையாகும். அகழாய்வு, கட்டட ஆய்வு, கடலடி ஆய்வு என்பன இதன் முதன்மையான முறைகள். எல்மினா, கேப் கோஸ்ட், ஒசு, கொர்மன்டைன் ஆகிய இடங்கள் இத்துறையில் அதிகம் அறியப்பட்டவை.

இக்கோட்டைகளைப் பற்றி ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் விட்டுச்சென்ற எழுத்து ஆவணங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் அவை வணிகரின் பார்வையில் எழுதப்பட்டவை. கோட்டை நிலவறைகளில் அடைக்கப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்ட மக்கள் அவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களைப் பற்றியும், கோட்டைகளைச் சுற்றி வாழ்ந்த ஆப்பிரிக்க நகர மக்களைப் பற்றியும் அறிவதற்குத் தொல்லியல் முக்கியமான வழியாகக் கருதப்படுகின்றது. எனினும் சிறைப்பட்டோர் விட்டுச்சென்ற பொருட்கள் மிகக் குறைவு என்பதால், அவர்களைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் மறைமுகமானவையாகவே உள்ளன.

வரலாற்றுப் பின்னணி

போர்த்துக்கீசர் காலம்

போர்த்துக்கீசர் 1471 ஆம் ஆண்டளவில் இக்கடற்கரையை அடைந்தனர். இங்கு தங்கம் மிகுதியாகக் கிடைத்ததால் இப்பகுதியைச் "சுரங்கம்" என்னும் பொருளில் "மினா" என அழைத்தனர். 1482 ஆம் ஆண்டில் தியோகோ டி அசம்புஜா என்பவரின் தலைமையில் வந்த குழுவினர், எல்மினாவில் சாவோ ஜோர்ஜ் டா மினா என்னும் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். கட்டடத்துக்குத் தேவையான செதுக்கிய கற்களும் மரங்களும் போர்த்துக்கல்லில் இருந்தே கப்பல்களில் கொண்டுவரப்பட்டன. காரமான்சா எனப் போர்த்துக்கீச ஆவணங்களில் குறிப்பிடப்படும் உள்ளூர்த் தலைவர் முதலில் தயங்கிப் பின்னர் இசைவளித்தார். உள்ளூர் மக்கள் புனிதமாகக் கருதிய பாறையைத் தொழிலாளர்கள் உடைக்க முற்பட்டபோது மோதல் மூண்டது. சகாராவுக்குத் தெற்கே இன்றும் நிலைத்திருக்கும் மிகப் பழைய ஐரோப்பியக் கட்டடம் இதுவாகும்.

தொடக்கத்தில் எல்மினா அடிமைகளை ஏற்றுமதி செய்த இடமாக அன்றி, இறக்குமதி செய்த இடமாக இருந்தது. போர்த்துக்கீசர் பெனின் பகுதியில் அடிமைகளை வாங்கி, எல்மினாவில் தங்கத்துக்கு விற்றனர். உள்நாட்டில் இருந்து வந்த தங்க வணிகர்களுக்குப் பொருட்களைச் சுமக்க ஆட்கள் தேவைப்பட்டதே இதற்கு முக்கிய காரணம். 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு பல ஆயிரம் பேர் எல்மினாவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பிற ஐரோப்பியர்

ஒல்லாந்தர் 1637 ஆம் ஆண்டில் அருகிலிருந்த குன்றின் மீது பீரங்கிகளை ஏற்றி எல்மினாக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். பின்னர் அதே குன்றில், எதிரிகள் அவ்வழியைப் பயன்படுத்தாதபடி, கூன்ராட்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1642 ஆம் ஆண்டில் அக்சிம் கோட்டையும் வீழ்ந்ததோடு போர்த்துக்கீசர் இக்கடற்கரையை விட்டு வெளியேறினர். ஆங்கிலேயர், சுவீடியர், டேனியர், பிராண்டன்பர்க் ஜெர்மானியர் ஆகியோரும் இங்கு கோட்டைகளை அமைத்தனர். சுவீடியர் 1653 ஆம் ஆண்டில் தொடங்கிய கேப் கோஸ்ட் கோட்டை, 1660களில் ஆங்கிலேயர் வசமானது. டேனியர் 1661 ஆம் ஆண்டில் ஒசுவில் கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டையை அமைத்தனர்.

சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கடற்கரையில் இத்தனை கோட்டைகள் நெருக்கமாக அமைந்தமைக்குப் போட்டியே காரணம். வலுவான பீரங்கிகள் பெரும்பாலும் கடலை நோக்கியே நிறுத்தப்பட்டிருந்தன. கோட்டையினர் பெரிதும் அஞ்சியது பிற ஐரோப்பியக் கப்பல்களுக்கே. கோட்டைகள் நின்ற நிலத்துக்காக உள்ளூர் ஆட்சியாளருக்கு ஐரோப்பியர் தொடர்ந்து கட்டணம் செலுத்தி வந்தனர். 1701 ஆம் ஆண்டில் டென்கிரா அரசை வென்ற அசாந்தி அரசு, எல்மினாக் கோட்டைக்குரிய கட்டணத்தைப் பெறும் உரிமையையும் கோரியது. 1693 ஆம் ஆண்டில் அக்வாமு அரசைச் சேர்ந்த அசமேனி என்பவர் கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டையையே கைப்பற்றி, ஏறத்தாழ ஓராண்டு தன் வசம் வைத்திருந்தார். எனவே 19 ஆம் நூற்றாண்டுக்கு முன் இக்கோட்டைகள் குடியேற்றவாத ஆட்சியின் மையங்களாக இருக்கவில்லை. ஆப்பிரிக்க அரசுகளின் இசைவோடு இயங்கிய வணிக நிலையங்களாகவே இருந்தன.

அடிமை வணிகம்

17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரிபியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் பெருகியதை அடுத்து, இக்கடற்கரையின் முதன்மை ஏற்றுமதி தங்கத்திலிருந்து மனிதர்களாக மாறியது. அத்திலாந்திக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1 கோடியே 25 இலட்சம் பேர் எனக் கணிக்கப்படுகின்றது. இவர்களுள் சுமார் 12 இலட்சம் பேர் தங்கக் கடற்கரையில் இருந்து அனுப்பப்பட்டனர்.

டென்மார்க்கின் தடை 1803 ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவின் தடைச் சட்டம் 1807 ஆம் ஆண்டிலும், நெதர்லாந்தின் தடை 1814 ஆம் ஆண்டிலும் வந்தன. இவை அடிமை வணிகத்தை மட்டுமே தடை செய்தன. அடிமை முறை தொடர்ந்தது. பிரித்தானியரின் தங்கக் கடற்கரைக் குடியேற்ற நாட்டில் அடிமை முறை 1874 ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. டேனியர் தமது கோட்டைகளை 1850 ஆம் ஆண்டிலும், ஒல்லாந்தர் 1872 ஆம் ஆண்டிலும் பிரித்தானியருக்குக் கையளித்தனர்.

ஆய்வு வரலாறு

தொடக்ககால ஆய்வுகள் கோட்டைக் கட்டடங்களையே மையமாகக் கொண்டிருந்தன. 1951 முதல் 1957 வரை தங்கக் கடற்கரைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஏ. டபிள்யூ. லாரன்ஸ், பல கோட்டைகளை அளந்து வரைந்து, பழுதுபார்க்கும் பணிகளையும் மேற்கொண்டார். மேற்கு ஆப்பிரிக்க வணிகக் கோட்டைகள் பற்றிய அவரது நூல் 1963 ஆம் ஆண்டில் வெளியானது. எந்தச் சுவர் எந்த நாட்டினரால் எப்போது கட்டப்பட்டது என்பதே அக்கால ஆய்வுகளின் முதன்மையான கேள்வியாக இருந்தது.

1980களில் கவனம் கோட்டைச் சுவர்களுக்கு வெளியே திரும்பியது. கிறிஸ்டோபர் டிகோர்ஸ், 1985 ஆம் ஆண்டு முதல் எல்மினாவின் பழைய நகரில் அகழாய்வு செய்தார். கானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அன்குவாண்டா, யாவ் பிரெட்வா-மென்சா ஆகியோர் கோட்டைகள், டேனியத் தோட்டங்கள் என்பன பற்றிய ஆய்வுகளை முன்னெடுத்தனர். 2014 ஆம் ஆண்டு முதல் ரேச்சல் அமா அசா எங்மான் தலைமையில் கிறிஸ்தியான்ஸ்போர்க்கில் ஆய்வு நடைபெற்று வருகின்றது.

முக்கிய ஆய்வுக் களங்கள்

எல்மினாப் பழைய நகரம்

எல்மினாக் கோட்டையின் மேற்குப் புறத்தில், கடலுக்கும் பென்யா கடற்கழிக்கும் இடைப்பட்ட நிலத்தில் பழைய ஆப்பிரிக்க நகரம் இருந்தது. போர்த்துக்கீசர் வருவதற்கு முன்பே இங்கு ஒரு குடியிருப்பு இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இந்நகரின் மக்கள் தொகை 15,000க்கு மேல் உயர்ந்திருந்தது.

1872 ஆம் ஆண்டில் கோட்டை பிரித்தானியருக்குக் கைமாறியதை எல்மினா மக்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. அசாந்தி அரசோடு நட்புக் கொண்டிருந்த அவர்களது மன்னர் கோபினா ஜியான் சியரா லியோனுக்கு நாடு கடத்தப்பட்டார். 1873 ஆம் ஆண்டு சூன் 13 ஆம் தேதி பிரித்தானியர் நகரைக் குண்டுவீசி அழித்தனர். இடிபாடுகள் சமன் செய்யப்பட்டு, அவ்விடம் அணிவகுப்புத் திடலாக்கப்பட்டது. மக்கள் கடற்கழியின் மறுபுறத்தில் குடியேறினர். பழைய நகரம் இருந்த இடத்தில் மீண்டும் பெரிய அளவில் வீடுகள் கட்டப்படவில்லை. அழிவின் விளைவாக, நான்கு நூற்றாண்டு கால நகர வாழ்வின் எச்சங்கள் மண்ணுக்கடியில் கலையாமல் எஞ்சின.

அகழாய்வில் கற்சுவர் வீடுகளின் அடித்தளங்கள் பல வெளிப்பட்டன. உள்ளூர் மட்பாண்டங்கள், ரைன் பகுதிக் கற்சாடிகள், சீனப் பீங்கான், பிரித்தானிய வெண்பீங்கான், மதுப் புட்டிகள், களிமண் சுங்கான்கள், கண்ணாடி மணிகள், தங்கத்தை நிறுக்கப் பயன்பட்ட எடைக்கற்கள் முதலியன கிடைத்தன. வீட்டுத் தளங்களுக்குக் கீழே பல மனிதப் புதையல்கள் கண்டறியப்பட்டன. இறந்தோரை வீட்டுக்குள்ளேயே அடக்கம் செய்வது அக்கால உள்ளூர் வழக்கமாகும்.

ஐரோப்பியப் பொருட்களின் மிகுதியை வைத்து எல்மினா மக்கள் ஐரோப்பியமயமானார்கள் என்று கொள்ள இயலாது என்பது டிகோர்ஸின் முடிவாகும். சீனத் தட்டையும் ஐரோப்பியப் புட்டியையும் பயன்படுத்திய அதே வீடுகளில், அடக்க முறையும் வழிபாட்டு முறைகளும் ஆப்பிரிக்க மரபிலேயே தொடர்ந்தன. பொருட்கள் மாறின, அவற்றுக்கு மக்கள் அளித்த பொருள் அதே அளவில் மாறவில்லை. இவ்வாய்வின் விரிவான நூல் 2001 ஆம் ஆண்டில் வெளியானது.

கேப் கோஸ்ட் கோட்டை நிலவறைகள்

கேப் கோஸ்ட் கோட்டையின் ஆண்கள் நிலவறை, பாறையைக் குடைந்து தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கப்பட்டது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் ஜான் பார்போ, இது ஆயிரம் பேரை அடைக்கக்கூடியது எனக் குறிப்பிட்டுள்ளார். வளைவுக் கூரை கொண்ட அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்துள்ளன. சுவரின் உச்சியில் உள்ள சிறு துளைகளே காற்றுக்கும் ஒளிக்கும் வழி. தரையில் கழிவு நீர் வடிவதற்கான ஆழமற்ற வாய்க்கால் வெட்டப்பட்டுள்ளது. கப்பல் வரும் வரை சிறைப்பட்டோர் வாரக் கணக்கிலும், சில வேளைகளில் மாதக் கணக்கிலும் இங்கு அடைத்து வைக்கப்பட்டனர்.

1970களின் தொடக்கத்தில் இந்நிலவறைத் தளத்தின் ஒரு பகுதி அகழ்ந்து ஆராயப்பட்டது. கற்றளத்தின் மீது, மனிதக் கழிவும் மண்ணும் பிற எச்சங்களும் கலந்து இறுகிய தடித்த படிவு காணப்பட்டது. பார்வையாளர் பலர் தரை என எண்ணி நடந்தது உண்மையில் இப்படிவின் மேற்பரப்பே ஆகும். சிறைப்பட்டோரின் வாழ்நிலையை நேரடியாகக் காட்டும் மிகச் சில தொல்லியல் சான்றுகளுள் இது ஒன்று.

கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டை, ஒசு

இக்கோட்டை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய ஆட்சியின் தலைமையிடமாகவும், 1957 ஆம் ஆண்டு விடுதலைக்குப் பின்னர் கானா அரசின் தலைமையிடமாகவும் இருந்தது. 2013 ஆம் ஆண்டில் அரசுத் தலைமையிடம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. அதுவரை பாதுகாப்புக் காரணங்களால் அகழாய்வுக்கு வாய்ப்பு இருக்கவில்லை.

2014 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் கட்டட அடித்தளங்களும், ஆப்பிரிக்க மட்பாண்டங்கள், ஐரோப்பிய, சீனப் பீங்கான்கள், மணிகள், சுங்கான்கள் முதலியனவும் கிடைத்தன. இத்திட்டத்தின் தனித்தன்மை அதை நடத்துவோரில் உள்ளது. டேனிய அலுவலர்களுக்கும் கா இனப் பெண்களுக்கும் பிறந்தோரின் வழித்தோன்றல்கள் ஒசுவில் இன்றும் வாழ்கின்றனர். இவர்களுள் பலர் அகழாய்வுப் பணியில் பங்கேற்றனர். திட்டத் தலைவரான எங்மான், 1750களில் இக்கோட்டையின் ஆளுநராக இருந்த கார்ல் குஸ்தாவ் எங்மானின் வழிவந்தவர். தம் முன்னோரின் களத்தை வழித்தோன்றல்களே ஆராயும் இம்முறையை அவர் "தன்வழித் தொல்லியல்" என்னும் கருத்தில் விளக்குகிறார். அடிமை வணிகத்தில் ஈடுபட்டோரின் வழிவந்தவர்கள் அவ்வரலாற்றை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் கேள்வி இவ்வாய்வின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது.

பிரெடெரிக்ஸ்காவே தோட்டம்

கடல் கடந்த அடிமை வணிகத்தைத் தடை செய்த பின்னர், டேனியர் ஆப்பிரிக்காவிலேயே ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்க முயன்றனர். அக்ராவுக்கு வடக்கே, குன்றுகளின் அடிவாரத்தில் 1830களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட பிரெடெரிக்ஸ்காவே அத்தகைய தோட்டங்களுள் ஒன்று. இதில் அடிமைகளே வேலை செய்தனர்.

யாவ் பிரெட்வா-மென்சா இங்கு தோட்ட மாளிகையின் இடிபாடுகளையும் அடிமைகளின் குடியிருப்புப் பகுதியையும் அகழ்ந்தார். கோட்டை நிலவறைகளைப் போலன்றி, இங்கு அடிமைகள் பல ஆண்டுகள் குடும்பமாக வாழ்ந்ததால் வீட்டுப் பொருட்கள் கிடைத்தன. உள்ளூர்ப் பானைகள், இறக்குமதிப் பொருட்களின் துண்டுகள், உணவு எச்சங்கள் என்பன அவர்களது அன்றாட வாழ்வை அறிய உதவின. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் ஒத்துழைப்புடன் மாளிகை மீளக் கட்டப்பட்டு, 2007 ஆம் ஆண்டில் கள அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

கொர்மன்டைன்

அபன்சே என்னும் ஊரில், ஆங்கிலேயர் 1630களில் இக்கடற்கரையில் தமது முதல் நிலையத்தை அமைத்தனர். ஒல்லாந்தர் 1665 ஆம் ஆண்டில் அதைக் கைப்பற்றி ஆம்ஸ்டர்டாம் கோட்டை எனப் பெயரிட்டனர். தங்கக் கடற்கரையில் இருந்து கரிபியத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டோர் இவ்விடத்தின் பெயரால் "கொரமன்டி" என அழைக்கப்பட்டனர். 1760 ஆம் ஆண்டில் ஜமைக்காவில் நிகழ்ந்த டாக்கி கிளர்ச்சி உள்ளிட்ட பல எழுச்சிகளில் அவர்கள் முன்னின்றனர்.

இப்போது காணப்படும் கோட்டை பெரும்பாலும் பிற்காலத்தது. அதன் உட்புறத்தில் நடத்தப்பட்ட அகழாய்வில் பழைய ஆங்கிலேய நிலையத்தின் எச்சங்கள் கண்டறியப்பட்டதாக 2023 ஆம் ஆண்டில் டிகோர்ஸின் குழுவினர் அறிவித்தனர். துப்பாக்கிச் சக்கிமுக்கிக் கல், சுங்கான் துண்டு, பானையோடுகள், விலங்கெலும்புகள் என்பன அங்கு கிடைத்தன.

கடலடி ஆய்வுகள்

எல்மினாவுக்கு அப்பால் கடலடியில் 2003 ஆம் ஆண்டில் ஒரு கப்பலின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றினுள் ஒன்றாக அடுக்கப்பட்ட பித்தளைப் பாத்திரங்கள், மனில்லா எனப்படும் காப்பு வடிவ உலோகப் பொருட்கள், கண்ணாடி மணிகள், பீரங்கிகள் முதலியன அங்கு காணப்பட்டன. மனில்லாக்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் நாணயம் போல் பயன்பட்டவை. இது 17 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒல்லாந்தக் கப்பலாக இருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. வணிகப் பொருட்கள் கரையில் பலர் கைக்குப் பிரிந்து போகும் முன், மொத்தமாக எவ்வாறு கொண்டுவரப்பட்டன என்பதை இக்களம் காட்டுகின்றது.

இக்கடற்கரையோடு தொடர்புள்ள மற்றொரு கப்பல் பிரெடென்ஸ்போர்க் ஆகும். இது 1768 ஆம் ஆண்டில் கிறிஸ்தியான்ஸ்போர்க்கில் இருந்து 260க்கும் மேற்பட்ட அடிமைகளை ஏற்றிக்கொண்டு கரிபியத் தீவான செயின்ட் குரோயிக்குச் சென்றது. அங்கிருந்து திரும்பும் வழியில் அதே ஆண்டு டிசம்பர் 1 ஆம் தேதி நோர்வே நாட்டின் ஆரண்டால் நகருக்கு அருகில் மூழ்கியது. 1974 ஆம் ஆண்டில் நீர்மூழ்குவோர் அதைக் கண்டுபிடித்தனர். யானைத் தந்தங்களும் மரங்களும் எச்சங்களில் இருந்தன. கப்பலின் பயண ஏடுகளும் கணக்குகளும் ஆவணக் காப்பகத்தில் எஞ்சியிருப்பதால், எழுத்துச் சான்றையும் பொருட்சான்றையும் ஒப்பிடக்கூடிய அரிய அடிமைக் கப்பலாக இது விளங்குகின்றது.

அத்திலாந்திக்கின் மறுகரைச் சான்றுகள்

கோட்டைகளில் காணக் கிடைக்காத சில சான்றுகள், கடல் கடந்து சென்றோரின் புதைகுழிகளில் கிடைத்துள்ளன. பார்படோசில் உள்ள நியூட்டன் தோட்டத்தின் அடிமைகள் இடுகாடு 1970களில் அகழாய்வு செய்யப்பட்டது. 17 ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரின் புதைகுழியில், தங்கக் கடற்கரையில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் களிமண் சுங்கான் ஒன்று இருந்தது. அவரது கழுத்தணியில் சோழிகள், கண்ணாடி மணிகள், நாய்ப் பற்கள், மீனின் முள்ளெலும்புகள் என்பவற்றோடு, இந்தியாவின் குஜராத் பகுதியில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் சூதுபவள மணி ஒன்றும் கோக்கப்பட்டிருந்தது. அவர் தம் சமூகத்தில் மருத்துவராகவோ மந்திரச் சடங்கு அறிந்தவராகவோ மதிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

நியூயார்க் நகரில் 1991 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கர் இடுகாட்டில் 400க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் ஆராயப்பட்டன. அவர்களுள் ஒரு பெண் இடுப்பில் மணிகளைக் கோத்து அணிந்திருந்தார். அவரது பற்கள் வடிவம் செய்யப்பட்டிருந்தன. இவை ஆப்பிரிக்க வழக்கங்கள் என்பதால் அவர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

சான்றுகளின் வரம்புகள்

பல இலட்சம் பேர் கடந்து சென்ற இடங்களில் அவர்களின் தடயங்கள் மிகக் குறைவாக இருப்பதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் பின்வருவன முக்கியமானவை:

- சிறைப்பட்டோரின் உடைமைகள் கோட்டையை அடையும் முன்னரே பறிக்கப்பட்டன. எனவே நிலவறைகளில் விட்டுச்செல்ல அவர்களிடம் அனேகமாக எதுவும் இருக்கவில்லை.
- அடிமை வணிகம் முடிந்த பின்னர் நிலவறைகள் கிடங்குகளாகவும் சிறைகளாகவும் பயன்பட்டன. எல்மினாக் கோட்டை காவல்துறைப் பயிற்சிப் பள்ளியாகவும் இருந்தது. இப்பயன்பாடுகளால் பழைய படிவுகள் அகற்றப்பட்டன.
- கோட்டையில் இருந்தே வேலை செய்த நிறுவன அடிமைகள், கடல் கடந்து அனுப்பப்பட இருந்தோர், நகரின் சுதந்திர மக்கள் ஆகிய மூவகையினரும் ஒரே வகைப் பானைகளையும் மணிகளையும் பயன்படுத்தியிருக்கலாம். ஒரு பொருளை மட்டும் வைத்து அதை வைத்திருந்தவரின் நிலையை அறிவது கடினம்.
- அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட முதன்மைப் பொருளான துணி மண்ணில் மக்கிவிடும். எளிதில் அழியாத மணியும் புட்டியும் அகழாய்வில் மிகுந்து காணப்படுவதால் அவையே வணிகத்தின் முதன்மைப் பொருட்கள் என்னும் தவறான தோற்றம் ஏற்படுகின்றது.

இதனால் ஆய்வாளர்கள் கோட்டையை மட்டும் தனியே ஆராயாமல், உள்நாட்டு வழிகளையும் சேர்த்து ஆராய்கின்றனர். வட கானாவில் அடிமைச் சந்தை இருந்த சலாகா, அடிமை பிடிப்போரைத் தடுக்க 19 ஆம் நூற்றாண்டில் மதில் எழுப்பப்பட்ட குவொல்லு, கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் வழியில் சிறைப்பட்டோர் குளிப்பாட்டப்பட்டதாகக் கூறப்படும் அசின் மான்சோ ஆற்றங்கரை என்பன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

இந்தியப் பெருங்கடல் தொடர்புகள்

தங்கக் கடற்கரை வணிகம் அத்திலாந்திக் எல்லைக்குள் மட்டும் அடங்கியதன்று. அடிமைகளுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட துணிகளில் இந்தியப் பருத்தித் துணிகள் பெரும்பங்கு வகித்தன. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகள் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து கினிக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டன. ஒசுவில் கோட்டை வைத்திருந்த டேனியர், 1620 ஆம் ஆண்டு முதல் 1845 ஆம் ஆண்டு வரை தரங்கம்பாடியிலும் டான்ஸ்போர்க் கோட்டையை வைத்திருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில், குறிப்பாகத் தங்கக் கடற்கரைக்குக் கிழக்கே, நாணயமாகப் பயன்பட்ட சோழிகள் மாலைத்தீவுக் கடலில் எடுக்கப்பட்டவை.

சோழமண்டலக் கரையின் கோட்டைகளிலும் அடிமை வணிகம் நடந்தது. பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை வைத்திருந்த ஒல்லாந்தர், 17 ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் நிகழ்ந்த காலங்களில் இக்கரையில் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி பத்தாவியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர்.

1831 ஆம் ஆண்டு முதல் 1872 ஆம் ஆண்டு வரை ஒல்லாந்தர் எல்மினாவில் இருந்து சுமார் 3,000 ஆப்பிரிக்கரைப் படைவீரர்களாகச் சேர்த்து, இன்றைய இந்தோனேசியாவுக்கு அனுப்பினர். அவர்களுள் பலர் விலை கொடுத்து மீட்கப்பட்ட அடிமைகள். பணி முடிந்து திரும்பியோர் குடியேறிய எல்மினாவின் குன்று இன்றும் ஜாவாக் குன்று எனப்படுகின்றது.

பாதுகாப்பும் விவாதங்களும்

எல்மினா, கேப் கோஸ்ட், கிறிஸ்தியான்ஸ்போர்க் ஆகிய மூன்று பெருங்கோட்டைகளும் வேறு பல கோட்டைகளும் 1979 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன. 1990களில் எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகள் வெளிநாட்டு உதவியுடன் புதுப்பிக்கப்பட்டன. அப்போது சுவர்களுக்கு வெள்ளையடித்ததையும், நிலவறைகளில் மாற்றங்கள் செய்ததையும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் எதிர்த்தனர். தம் முன்னோர் துன்புற்ற இடம் சுற்றுலாத் தலமாக அழகுபடுத்தப்படுகின்றது என்பது அவர்களது குற்றச்சாட்டு. சுண்ணாம்புப் பூச்சு கடற்காற்றில் இருந்து சுவரைக் காக்கும் பழைய முறை என்பது பாதுகாப்புப் பணியினரின் விளக்கமாக இருந்தது.

உள்ளூர் மக்களின் பார்வை இவ்விரண்டில் இருந்தும் வேறுபட்டது. எல்மினா மக்களுக்குக் கோட்டை, தங்க வணிகம், தம் நகரின் உருவாக்கம், 1873 ஆம் ஆண்டின் அழிவு ஆகிய அனைத்தின் நினைவுச் சின்னமாகும். கோட்டையை அடிமை வணிகத்தின் சின்னமாக மட்டும் காட்டினால் அந்நகரின் வரலாறு மறையும் என்பதும், பிற வரலாறுகளுடன் கலந்து காட்டினால் அடிமை வணிகத்தின் கொடுமை மங்கும் என்பதும் இருதரப்பு வாதங்களாக உள்ளன.

1998 ஆம் ஆண்டில் ஜமைக்காவில் இருந்து ஒருவரும் அமெரிக்காவில் இருந்து ஒருவருமாக, அடிமைகளாக வாழ்ந்து இறந்த இருவரின் உடல் எச்சங்கள் கானாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை கேப் கோஸ்ட் கோட்டையில் கடலை நோக்கிய வாயில் வழியாக உள்ளே எடுத்துச் செல்லப்பட்டு, அசின் மான்சோவில் அடக்கம் செய்யப்பட்டன. "திரும்பி வரா வாயில்" என அறியப்பட்ட அவ்வாயிலின் வெளிப்புறத்துக்கு அதன் பின்னர் "திரும்பும் வாயில்" எனப் பெயரிடப்பட்டது.

கடலரிப்பு இக்களங்களுக்குப் பெரும் அச்சுறுத்தலாக உள்ளது. கேட்டாவில் டேனியர் 1784 ஆம் ஆண்டில் கட்டிய பிரின்சென்ஸ்டைன் கோட்டையின் ஒரு பகுதி 1980 ஆம் ஆண்டில் கடலால் அழிந்தது. கோட்டைச் சுவர்களுக்குக் காட்டப்படும் கவனம், அவற்றைச் சுற்றி மண்ணுக்கடியில் உள்ள நகர எச்சங்களுக்குக் கிடைப்பதில்லை. அகழாய்வு செய்யப்படாத அப்பகுதிகள் வீடுகள், சாலைகள் ஆகியவற்றின் கட்டுமானத்தால் அழியும் நிலையில் உள்ளன.